மூத்த பிள்ளைக்கு வயசு என்ன?

எங்கள் ஆசிரியர் அறையில் ஜன்னலோரமாக என் மேசை. மழைக்காலத்தில் ஈரம் ஊறி அதன் லாச்சி திறக்க வராது, ஓங்கி ஒரு குத்து விட வேண்டும். இந்த மேசைக்கு வருகிற பெற்றோரில் பாதிப் பேர் இப்போதெல்லாம் கணக்குப் பாடம் பற்றிப் பேச வருவதில்லை. "டீச்சர், குடும்பத்தோட வெளிநாடு போறோம், பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் எடுக்கணும்" என்று வருகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இது கூடிப்போய்விட்டது. அதற்கு முன் இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் பக்கத்தில், வெளிநாடு என்றால் அம்மா மட்டும் போவார், குவைத்துக்கோ சவூதிக்கோ, பிள்ளை அம்மாயியோடு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கும், தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மாயியின் கைநாட்டு இருக்கும். அந்தக் கைநாட்டுகளை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். இப்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நல்ல விஷயம்தான்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அங்க எந்த ஸ்கூல் நல்லம் டீச்சர்?" எனக்கு அது தெரியாது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், மூத்த பிள்ளைக்கு வயசு என்ன என்று. ஏன் அதைக் கேட்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். என் தங்கச்சி வீட்டுக் கதையை வைத்துச் சொன்னால்தான் விளங்கும், அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

தங்கச்சி தாதி. அரச வைத்தியசாலையில் வேலை. நெருக்கடி நேரத்தில் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கம் அறிவித்தது அல்லவா, அதில் லீவு எடுத்துக்கொண்டு 2024 ஜனவரியில் இங்கிலாந்துக்குத் தனியாகப் போனாள். வீடு பார்த்து, கை கொஞ்சம் ஊன்றிய பிறகு 2025 ஆகஸ்டில் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். மூத்தவள் 2011 மார்ச்சில் பிறந்தவள், சின்னவன் 2017. போகும்போது அவளுக்குப் பதினான்கு, அவனுக்கு எட்டு.

இங்கே அவள் ஒன்பதாம் தரம். 2027 கடைசியில்தான் பதினோராம் தரம் முடியும், அதற்குப் பிறகு சாதாரண தரம் (ஓ/எல்), உயர்தரம் (ஏ/எல்) எழுத 2030 ஆகிவிடும், அப்போது வயது பத்தொன்பது. அங்கே அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து ஓகஸ்ட் முப்பத்தொன்று வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு, அவ்வளவுதான். எந்தத் தரத்திலிருந்து வந்தாய் என்று கேட்க மாட்டார்கள், பிறந்த திகதியைப் பார்ப்பார்கள். அதன்படி அவள் நேரே பத்தாம் வருடத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பத்தாம், பதினோராம் வருடங்கள் இரண்டும் சேர்ந்துதான் ஜி.சி.எஸ்.இ. பரீட்சைக்கான காலம், 2027 கோடையில் எழுத வேண்டும். அதாவது இங்கே இருந்தால் அவள் ஓ/எல் எழுதுவதற்கு முன்னமே, அங்கே அதற்குச் சமமான பரீட்சையை, இன்னொரு மொழியில், எழுதி முடித்திருக்க வேண்டும்.

இது முதல் அதிர்ச்சி. ஆனால் இதைச் சமாளிக்கலாம். அவள் பத்தாம் வருடத்தின் தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள் என்பதே பெரிய அதிர்ஷ்டம். பதினோராம் வருடத்தின் நடுவில், ஜனவரியில், பெப்ரவரியில் போய் இறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் பாடுதான் பாடு. பாடத்திட்டத்தில் முக்கால்வாசி முடிந்திருக்கும், பரீட்சை மே மாதம் நிற்கும். அப்படிப் போக வேண்டிய நிலை வந்தால் நாலைந்து மாதம் தள்ளியோ முன்னாலோ போக ஏதாவது வழி இருக்கிறதா என்று வேலை கொடுப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பேன். டிக்கெட் மலிவாக இருக்கிற மாதத்தைப் பார்த்துப் போகிறவர்கள் பிள்ளையின் பரீட்சை மாதத்தைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது அதிர்ச்சிதான் பெரியது. அதை நாங்கள் யாரும் போகும்போது கணக்கில் எடுக்கவில்லை. கணக்கு டீச்சரான நானும்தான்.

இங்கிலாந்தில் பாடசாலை இலவசம், பதினெட்டு வயது வரை. தங்கச்சியின் விசாவில் போன பிள்ளைகளுக்கும் இலவசம். அதைக் கேட்டவுடன் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி மாதிரியே அங்கேயும் இருக்கிறது என்று நான்கூடச் சொன்னேன். ஆனால் பல்கலைக்கழகம் வேறு உலகம். அங்கே இரண்டு விலை. உள்நாட்டுப் பிள்ளைக்கு 2025ஆம் கல்வியாண்டில் வருடத்துக்கு 9,535 பவுண், அதற்கும் அரசாங்கக் கடன் கிடைக்கும், படித்து முடித்து உழைக்கும்போது சம்பளத்தில் கழிப்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பல இடங்களில் 20,000 பவுணைத் தாண்டும், கடன் கிடையாது, மருத்துவம் என்றால் பேச்சே வேண்டாம். சரி, எங்கள் பிள்ளை அங்கேயே நாலு வருடம் ஸ்கூல் போனவள், அவள் உள்நாடா வெளிநாடா?

பொதுவாக, படிப்புத் தொடங்கும் நாளில் இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும். அதற்கு முந்திய மூன்று வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். அத்தோடு நிரந்தர வதிவிட உரிமை இருக்க வேண்டும். மூன்று வருடம் எங்களுக்கு இருக்கும். இரண்டாவதுதான் சிக்கல். 2025இல் இருந்த விதிப்படி, தொழில் விசாவில் போனவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க ஐந்து வருடம் வேண்டும். தங்கச்சிக்கு 2029 ஜனவரியில் ஐந்து வருடம் முடிகிறது. ஆனால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டுமென்றால் தாய் தகப்பன் இருவரும் பெற்றிருக்க வேண்டும், அல்லது சேர்ந்தே பெற வேண்டும். மச்சானுக்கு ஐந்து வருடம் எப்போது முடிகிறது? 2030 ஆகஸ்டில். மூத்தவள் ஏ லெவல் என்கிற அங்கத்தைய உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போக வேண்டியது 2029 செப்டெம்பரில்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் குறைகிறது.

இதை நான் கண்டுபிடித்த அன்று இரவு பதினொரு மணி, கொப்பியில் திகதிகளைக் கோடு போட்டு எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன், ஒரு தடவை, இரண்டு தடவை, பிழை ஏதாவது இருக்கும் என்று. இல்லை. தங்கச்சி தனியாகப் போய்ப் பத்தொன்பது மாதம் கழித்துக் குடும்பத்தை எடுத்தாள் அல்லவா, அந்தப் பத்தொன்பது மாதம்தான் இது. வாடகை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு. அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது, நானே "அவசரப்படாத, முதல்ல நீ நில்லு" என்று சொன்னவள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா, சின்னவனுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அதே விமானத்தில், அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு போனவன். அவன் பதினெட்டில் பல்கலைக்கழகம் போகும்போது 2035. வதிவிட உரிமை அதற்குள் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும், வாழ்நாளில் பாதியை அந்த நாட்டில் கழித்த பிள்ளைக்கு உள்நாட்டுக் கட்டணம் என்று ஒரு வழி இருக்கிறது, பதினெட்டில் பத்து வருடம் அவன் அங்கேதான் இருந்திருப்பான். ஒரே வீட்டில், ஒரே அப்பா அம்மாவுக்கு, ஒரே நாளில் போன இரண்டு பிள்ளைகளில் ஒன்று வெளிநாட்டு விலை, ஒன்று உள்நாட்டு விலை. போதாக்குறைக்கு 2025 மே மாதம் பிரித்தானிய அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அந்த ஐந்து வருடத்தையே பத்து வரை நீட்டப்போவதாகச் சொன்னது. அதனால் போகிறவர்கள் பழைய கணக்கை நம்பிப் போகாமல் போகிற அன்றைக்கு என்ன விதி என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

"அப்படியென்றால் மூத்தவளை இங்கேயே விட்டுவிட்டு, ஏ/எல் முடித்த பிறகு எடுத்திருக்கலாமே" என்று எங்கள் மாமா சொன்னார். மலையகத்தில் எல்லாருக்கும் முதலில் வருகிற யோசனை அதுதான், ஒன்றை அம்மாயிகிட்ட விட்டுட்டுப் போறது. அதிலும் ஒரு குழி இருக்கிறது. பிரித்தானியாவுக்குத் தாய் தகப்பனின் விசாவில் முதல் தடவை போகும் பிள்ளைக்கு, விண்ணப்பிக்கும்போது பதினெட்டு ஆகியிருக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் உயர்தரம் எழுதும்போதே பதினெட்டு, பத்தொன்பது. முடித்துவிட்டு வரட்டும் என்று விட்டால் கதவு மூடிவிடும், அப்புறம் அவள் தனியாக மாணவர் விசா எடுத்து, முழு வெளிநாட்டுக் கட்டணம் கட்டித்தான் தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும்.

விட்டுவிட்டுப் போவதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கே பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில், 55 மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளையைக் கழித்துவிடும் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திப் போடும் புள்ளி), நுவரெலியாப் பிள்ளையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால்தானே வெளி மாவட்டத்துக்காரர்கள் இங்கே பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கப் பார்க்கிறார்கள், அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். நான் சொல்ல வந்தது, விஞ்ஞானம், கணிதம் நன்றாகப் போகிற பதினாறு வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே இழுக்கும்போது, அந்தப் பிள்ளை கையில் வைத்திருந்த ஒரு சீட்டையும் சேர்த்துக் கிழிக்கிறோம். இலவசமாகப் பட்டம் தரும் சீட்டு அது. தெரிந்துகொண்டு கிழித்தால் சரி.

கல்ஃபில் இது இன்னும் கடுமை. என் கணவரின் அண்ணன் குடும்பம் பன்னிரண்டு வருடம் மஸ்கட்டில். அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணப் பாடசாலைதான். மஸ்கட்டிலும் டோஹாவிலும் இலங்கையர் பாடசாலைகள் இருக்கின்றன, இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகள் நிறைய, அப்புறம் பிரிட்டிஷ் பாடசாலைகள், அவை கம்பனி பணம் கட்டினால் மட்டும் நினைத்துப் பார்க்கலாம். வேலை ஒப்பந்தத்தில் பிள்ளைகளின் கல்விக் கொடுப்பனவு என்று ஒரு வரி இருக்கிறதா, எத்தனை பிள்ளைக்கு, எந்த வகுப்பு வரை என்று கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டும். அண்ணன் பார்க்கவில்லை. மூன்று பிள்ளைக்கும் கட்டியே அவருடைய சேமிப்பு போயிற்று.

ஆனால் அவர் வீட்டில் உண்மையான அடி விழுந்தது பதினெட்டில். மகன் லண்டன் ஏ லெவலில் நல்ல பெறுபேறு எடுத்தான், அண்ணி இனிப்பு வாங்கிக் கொடுத்தார், ஊருக்கு வந்து பேராதனைக்குப் போடலாம் என்று விண்ணப்பப் புத்தகத்தைப் புரட்டினார்கள். வெளிநாட்டுத் தகைமையோடு வருகிற இலங்கைப் பிள்ளைகளுக்கு என்று இருக்கும் இடம் மிகமிகச் சிறியது, அதற்கும் வெளிநாட்டில் இத்தனை வருடம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. நுவரெலியா மாவட்டச் சலுகை அவனுக்கு இல்லை, அவன் அந்த மாவட்டத்துப் பாடசாலையில் படிக்கவே இல்லையே. ஓமானிலும் நிரந்தரமாக இருக்க வழியில்லை. கடைசியில் கொழும்பில் ஒரு தனியார் பட்டப்படிப்பு, அதற்கு அண்ணன் இன்னும் நாலு வருடம் அங்கேயே வேலை செய்தார். கல்ஃபுக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது, அங்கே எந்தப் பாடசாலை என்று பார்க்காதீர்கள், பதினெட்டில் இந்தப் பிள்ளை எந்த நாட்டில் போய் இறங்கும் என்று முதலில் முடிவு பண்ணுங்கள், அந்த நாடு கேட்கிற பரீட்சை எதுவோ அதை எழுதவைக்கிற பாடசாலையைத் தேடுங்கள். இந்தியாவில் படிக்கவைக்கப் போகிறீர்களா, இந்தியப் பாடத்திட்டம் மலிவு, அதிலேயே விடுங்கள்.

கனடாவும் அவுஸ்திரேலியாவும் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக. நிரந்தர வதிவிடத்தோடே போய் இறங்கினால் கனடாவில் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டுக் கட்டணம்தான், அதில் இந்த ஐந்து வருடச் சண்டை இல்லை. திருமணமாகாத பிள்ளையை இருபத்திரண்டு வயதுக்குள் என்றால் விண்ணப்பத்தில் சேர்க்கலாம், அதனால் ஏ/எல் முடித்துவிட்டுக்கூடப் போகலாம். பிரித்தானியாவுக்கு நேர் எதிர். அவுஸ்திரேலியாவில் நிரந்தர வதிவிடக்காரருக்குக் கட்டணம் குறையும், ஆனால் அரசாங்கப் படிப்புக் கடன் பெரும்பாலும் குடியுரிமை பெற்றவர்களுக்கே, கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டி வரும். தற்காலிக விசாவில் போனால் சில மாநிலங்களில் அரசாங்கப் பாடசாலைக்கே காசு கேட்பார்கள். ஆனால் ஒன்று, நியூ சவுத் வேல்ஸில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குத் தமிழை ஒரு பாடமாகவே எடுக்கலாம். எங்கள் பிள்ளைக்கு அது கொழுத்த புள்ளி.

பத்திரங்கள் விஷயம். தங்கச்சி ஒரு நாள் முழுக்க பத்தரமுல்லையில் கழித்தாள், விடுகைப் பத்திரம், பிறப்புப் பத்திரம் எல்லாவற்றுக்கும் கொன்சியூலர் அத்தாட்சி வாங்க, இருட்டோடு ஹட்டனில் பஸ் ஏறிப் போனவள். அங்கே போய்ப் பார்த்தால் இங்கிலாந்துப் பாடசாலை அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு முகவரிக்கு என்ன ஆதாரம், பிள்ளை பிறந்த திகதி என்ன, இவ்வளவுதான் கேட்டார்கள். கல்ஃபில் அத்தாட்சி இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். கனடாவில், ஒன்டாரியோவில், தடுப்பூசிப் பதிவு கேட்பார்கள், அதனால் அந்தக் கிளினிக் காட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தோட்டத்து வீடுகளில் அது பெரும்பாலும் பெட்டியின் அடியில், அம்மாவின் கல்யாணச் சேலைக்குக் கீழே கிடக்கும்.

எங்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது, பெயர். தோட்டத்தில் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் சிங்களத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பாஸ்போர்ட்டில் மூன்றாவது மாதிரி. தங்கச்சியின் பெயரில் ஓரிடத்தில் 'எஸ்', ஓரிடத்தில் 'சி', ஓரிடத்தில் ஒரு 'எச்' கூடுதலாக. காதில் விழுந்ததை யாரோ எழுதியிருக்கிறார், எழுதினதை யாரோ மொழிபெயர்த்திருக்கிறார். இது போதாது என்று எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் வரும். ஆகவே தங்கச்சிக்கு எங்கள் அப்பா பெயர், மச்சானுக்கு அவருடைய அப்பா பெயர், பிள்ளைகளுக்கு மச்சானின் பெயர். ஒரு வீட்டில் மூன்று குடும்பம். பாடசாலையிலிருந்து தொலைபேசியில் தங்கச்சியை மச்சானின் பெயரைச் சொல்லி "மிஸஸ்" போட்டுக் கூப்பிடும்போது இவள் முதல் மாதம் முழுக்க "ராங் நம்பர்" என்று வைத்திருக்கிறாள். சிரிப்பாக இருந்தாலும், எழுத்துத் திருத்தங்களை இங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பிறப்புப் பத்திரத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும் முன்பு, பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோய் இந்த எழுத்தில்தான் வேண்டும் என்று காட்டுங்கள்.

பத்திரம் என்றால் எனக்கு எங்கள் சித்தப்பா ஞாபகம் வரும், அப்பாவின் சித்தப்பா மகன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு எங்கள் மலையக ஆட்களைப் பங்கு பிரித்தார்கள் அல்லவா, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. அதில் எழுபதுகளில் அந்தக் குடும்பம் போனது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும், அதை அவர் முடித்திருந்தார். கையில் டி.சி. என்கிற விடுகைப் பத்திரம் இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, சட்டி பானை கட்டுவதில்தான் எல்லாரும் இருந்தார்கள். அங்கே அவரை மூன்றாம் வகுப்பில் போட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் எட்டு வயதுப் பிள்ளைகளோடு எத்தனை நாள் உட்காருவான்? லொறியில் கிளீனராகப் போய்விட்டார். போன முறை ஊருக்கு வந்தபோது அந்தக் குடும்ப அட்டையைக் காட்டினார், லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார். அதில் குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வயது, எந்தத் தோட்டம் எல்லாம் இருக்கிறது. எத்தனையாம் வகுப்பு என்பதற்கு அதில் இடமே இல்லை.

வகுப்பில் போடுகிற விஷயம் இன்றைக்கும் அப்படியே நடக்கிறது, கொஞ்சம் நாகரிகமாக. எங்கள் மூத்தவளுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் கணக்கில் கெட்டிக்காரி. நான் சொல்லக் கூடாது, நானே சொல்லிக் கொடுத்தவள். போய் இரண்டு மாதம் இருக்கும், வீட்டுப்பாடம் என்று ஒரு தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், "பெரியம்மா, இது ரொம்ப ஈஸி, ஆனா கேள்வி விளங்கல்ல" என்று. பார்த்தேன். எங்கள் ஏழாம் தரத்துக் கணக்கு. பத்தாம் வருடத்தில் ஏன் இதைக் கொடுக்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பார்த்தால், தாளின் மூலையில் சின்னதாக ஓர் 'எஃப்'.

அந்த 'எஃப்' என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலை போதும், ஆனால் தங்கச்சிக்கு அது கண்ணில் படவே இல்லை. ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் இரண்டு வகை வினாத்தாள். மேல் தாள், அடிப்படைத் தாள். அடிப்படைத் தாளில் முழுப் புள்ளி எடுத்தாலும் தரம் ஐந்துக்கு மேல் கிடைக்காது, மேல் தாளில்தான் ஒன்பது வரை போகலாம். ஐந்தோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் ஏ லெவலில் கணிதம் எடுக்க விட மாட்டார்கள், அது இல்லாவிட்டால் பொறியியல், பௌதிகம் எல்லாம் போச்சு. அவளை முதல் நாள் ஒரு சோதனை வைத்து அடிப்படைப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். சோதனை ஆங்கிலத்தில். அவளுக்குக் கணக்குத் தெரியும், கேள்வியில் இருந்த சொற்கள் தெரியாது. செங்கோண முக்கோணத்தில் செம்பக்கம் எது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள், "ஹைப்போட்டனியூஸ்" என்றால் அது என்ன வியாதி என்று கேட்பாள். அட்சரகணிதம், கேத்திரகணிதம், சார்பு, பின்னம் என்று ஒன்பது வருடம் சேர்த்து வைத்த சொற்கள் அத்தனையும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எடை போடாமலே கழிந்துவிட்டன.

தங்கச்சிக்குப் போன் பண்ணி, நாளைக்கே பாடசாலைக்குப் போ என்றேன். "அக்கா, அவங்க பார்த்துத்தானே போட்டிருப்பாங்க, நாம போய்க் கேட்டா நல்லா இருக்குமா" என்றாள். இதுதான் எங்கள் ஆட்களின் குணம். தோட்டத்துத் துரை பார்த்துப் போட்டது சரியாகத்தான் இருக்கும் என்கிற குணம். எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். ஒருவழியாகப் போனாள். பாடசாலைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள், பொறுத்துப் பார்ப்போம் என்றிருக்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்தபடி, சொற்பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து மறுபடி சோதியுங்கள் என்று கேட்டாள். நாற்பது சொல், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம், நான் இரவிரவாக எழுதி அனுப்பியது. இரண்டு கிழமை கழித்துச் சோதித்தார்கள், கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன்பு மேல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பட்டியலை இப்போது விடுகைப் பத்திரம் கேட்டு வருகிற எல்லாருக்கும் கொடுக்கிறேன். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும். ஒளித்தொகுப்பு, இழைமணி, ஆவியுயிர்ப்பு என்று விஞ்ஞானப் பக்கம் இன்னும் நீளம். போவதற்கு முந்திய மூன்று மாதத்தில் ஆங்கில இலக்கண வகுப்புக்குக் கொட்டும் காசில் கால்வாசியை இந்தச் சொற்களைப் படிக்கச் செலவழித்தால் போதும். பேச்சு ஆங்கிலம் ஆறு மாதத்தில் விளையாட்டு மைதானத்தில் தானே வரும், சின்னவன் இப்போதே எங்களுக்கு விளங்காத மாதிரி பேசுகிறான்.

2029க்கு என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். தங்கச்சி இங்குள்ள காணியை விற்று முதல் வருட வெளிநாட்டுக் கட்டணம் கட்டலாம் என்கிறாள். மச்சான் அதற்குப் பதில் சொல்வதில்லை, எழுந்து பிளேன்டி போடப் போய்விடுகிறார். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை, படிப்பைத் தொடங்கிய பிறகு வதிவிடம் கிடைத்தால் கட்டணம் நடுவில் தானாகக் குறையும் என்று நம்பிக் காணியை விற்க முடியாது. ஒரு வருடம் பொறுத்து 2030இல் போகட்டும் என்பது என் கட்சி. ஆனால் ஊரில் யாரிடமாவது "பிள்ளை ஒரு வருசம் சும்மா இருக்குது" என்று சொல்லிப் பாருங்கள், ஃபெயிலாகிவிட்டாள் என்று பொகவந்தலாவை வரை செய்தி போய்விடும்.

போன ஞாயிறு இதைப் பற்றி வீடியோவில் நாங்கள் இருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது மூத்தவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த ஒரு வருசம் நான் எங்கயாவது வேலைக்குப் போறேன் பெரியம்மா, இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றாள். தங்கச்சி அழ ஆரம்பித்துவிட்டாள், பிள்ளையை வேலைக்கு அனுப்பவா கூட்டிக்கொண்டு வந்தேன் என்று. மூத்தவளோ கையில் தட்டோடு நின்று சம்பலைத் தொட்டு ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை அவளுக்கு மேல் தாளில் முதல் மாதிரிப் பரீட்சை. முதலில் அது முடியட்டும், கொப்பியை எடுத்துக்கொண்டு வா, வட்டக் கணக்கு பார்ப்போம் என்றேன்.